"வேலை செய்யவில்லை" என்றால் எது வேலை செய்யவில்லை?

எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் கணிசமாகவே இருக்கிறார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவ மாணவியர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இவர்களில் சிலர் ஓரிடத்தில் கூடுகிறோம். செய்து பார்த்தேன், ஓடவில்லை என்று யாராவது கொண்டு வந்தால் கொஞ்சம் பழகியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். நானும் அப்படிப் பார்க்கிறவர்களில் ஒருவன். தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இதில் சில நெளிவு சுளிவுகள் உண்டு. எழுதி வைத்தால் வேறு ஊர்களில் இப்படி உதவ நினைக்கும் அன்பர்களுக்கும் பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

புதிதாக வருகிறவர் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக ஒன்றேதான்: "அங்கிள், வேலை செய்யலை." கையில் ஒரு பிரெட்போர்டு இருக்கும். அதன் மேல் இடியாப்பம் பிழிந்த மாதிரி ஒயர்கள். முகத்தில் சனிக்கிழமை ராத்திரி தூங்காத களைப்பு. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் என்ன மருந்து எழுதுவார்? அந்தப் பையனுக்கு விடை கிடைக்காததற்குக் காரணம், விடை எங்கேயும் இல்லாததல்ல. அவனிடம் இன்னும் கேள்வியே உருவாகவில்லை. எதைத் தேடுவது என்று தெரியாதவனுக்கு நூறு புத்தகம் இருந்தும் என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில் உதவுகிறவர்களில் இரண்டு ரகத்தைப் பார்க்கலாம். ஒருவர், "இது கூடத் தெரியாதா? போய்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு வா" என்பார். பையன் போவான், திரும்பி வர மாட்டான். இன்னொருவர் ரொம்ப நல்லவர். போர்டைக் கையில் வாங்கி, நாலு ஒயரைப் பிடுங்கி, நாலு ஒயரைச் சொருகி, ஓட வைத்துக் கொடுத்துவிடுவார். பையனுக்குச் சந்தோஷம் தாங்காது. அடுத்த ஞாயிறு இன்னொரு போர்டோடு, அதே வாக்கியத்தோடு, அவர் முன்னால் நிற்பான். முதலாமவர் செய்வது தவறு என்று எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாமவர் செய்வதும் கிட்டத்தட்ட அதே அளவு கெடுதல்தான் என்பது என் அபிப்பிராயம். நண்பர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

ஓர் உதாரணத்தை விவரமாகவே பார்க்கலாம். நவராத்திரி நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் வருவது "ரன்னிங் லைட்". கொலுப் படியின் ஓரத்தில் பத்து சின்ன எல்.இ.டி. விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது போல எரிய வேண்டும். இதற்கு இரண்டு ஐ.சி. போதும். ஒன்று 555. ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் கம்பெனி 1972-ல் வெளியிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது. இது கடிகாரம் போல டிக், டிக் என்று துடிப்புகளைக் கொடுக்கும். இன்னொன்று 4017. ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னுடைய பத்து வெளியீடுகளில் அடுத்ததற்கு மாறும். 555-ன் 8-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 100 கிலோ ஓம், 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இப்படிப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 7 துடிப்புகள் வரும். பத்து விளக்குகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். எந்த நேரத்திலும் ஒன்றுதானே எரியப் போகிறது!

ஒரு வருஷம் மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு பையன் இதைத்தான் கொண்டு வந்தான். "வேலை செய்யலை" என்றான். "சரி தம்பி, எது வேலை செய்யவில்லை? ஒரு விளக்கு கூட எரியவில்லையா, எரிந்து அப்படியே நிற்கிறதா?" என்று கேட்டேன். "ஒண்ணு எரியுது அங்கிள், நகர மாட்டேங்குது." இப்போது பாருங்கள், ஒரே கேள்வியில் பாதி போர்டு விசாரணையிலிருந்து விடுதலை ஆகிவிட்டது. பேட்டரி இருக்கிறது, 4017 உயிரோடு இருக்கிறது, அந்த விளக்கும் ரெசிஸ்டரும் சரியாக இருக்கின்றன. மீதி இருப்பது, துடிப்பு வருகிறதா, வந்தும் 4017 அதை எண்ண மறுக்கிறதா என்ற இரண்டுதான்.

துடிப்பு வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வினாடிக்கு ஏழு தடவை ஏறி இறங்குவதைச் சாதாரண மீட்டர் காட்டாது, எண்கள் தாறுமாறாக ஓடும். ஆகவே 1 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 10 மைக்ரோஃபாரடைப் போடச் சொன்னேன். வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி. இனி 3-ஆம் காலில் மீட்டரை வைத்தால் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தது. அதாவது 555 குற்றவாளி இல்லை.

அப்போதுதான் அந்தப் பையன் ஒரு விஷயம் சொன்னான். அதுவரை சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தான். சிரிப்பார்களோ என்று பயம். "அங்கிள், நான் கையைக் கிட்டக் கொண்டு போனா சில சமயம் ஓடுது." இதைவிட உபயோகமான தகவல் இருக்க முடியாது! 4017 சிமாஸ் வகை ஐ.சி. அதன் உள்ளீட்டுக் கால் எதையும் எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டால், அது காற்றில் ஆடும் கதவு மாதிரி. சுற்றுப்புறத்தில் ஓடும் மின்சார ஒயர்களின் அலையைக்கூட, நம் கை வழியாக வருவதைக்கூட, அது வாங்கிக்கொள்ளும். நான் காரணத்தைச் சொல்லவில்லை. 4017-ன் டேட்டாஷீட்டில் கால்களின் படத்தைக் காட்டி, "உன் போர்டில் எந்தெந்தக் காலில் ஒயர் இல்லை, எண்ணிச் சொல்லு" என்றேன். எண்ணினான். 12, 13 இரண்டிலும் இல்லை. 12 வெளியீடு, சும்மா இருக்கலாம். 13 என்ன என்று அவனே படத்தைப் பார்த்துப் படித்தான். கடிகாரத்தைத் தடுக்கும் கால். அதைக் கிரவுண்டில் இணைத்தால்தான் எண்ணும். ஒரு ஒயர். விளக்கு நகர்ந்தது.

ஆனால் வரிசையாக ஓடவில்லை, தவளை மாதிரி இங்கும் அங்கும் குதித்தது. இந்த முறை அவன் என்னைக் கூப்பிடவில்லை. டேட்டாஷீட்டை இழுத்து வைத்துக்கொண்டான். 4017-ன் பத்து வெளியீடுகளும் கால் எண் வரிசைப்படி வருவதில்லை. முதலில் 3, பிறகு 2, 4, 7, 10, 1, 5, 6, 9, கடைசியில் 11. பத்து நிமிஷத்தில் மாற்றிப் போட்டுவிட்டான்.

இங்கே நம் பேச்சு மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "கரண்ட்" என்கிறோம். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துடுத்து, கரண்ட் பில், கரண்ட் அடிச்சுது. வீட்டில் இது போதும். எலக்ட்ரானிக்ஸில் இது பெரிய குழப்பம். "இந்த இடத்துக்குக் கரண்ட் வருது அங்கிள்" என்று ஒருவர் சொன்னால், அவர் வோல்டேஜை அளந்தாரா, ஓட்டத்தை அளந்தாரா, விளக்கு எரிவதைப் பார்த்துச் சொல்கிறாரா என்று தெரியாது. இதைவிட மோசம், "கரண்ட் இருக்கா பார்க்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சொருகி, பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிடுவது. ஓட்டத்தை அளக்கும் நிலையில் மீட்டர் என்பது வெறும் ஒயர் மாதிரிதான். பேட்டரி ஷார்ட் ஆகும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கூடக் கிடையாது. ஆகவே வோல்ட் என்பது தொட்டியின் உயரம், ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் தண்ணீர் என்ற பழைய உவமையை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். உயரத்தை அளக்கக் குழாயை வெட்ட வேண்டாம், ஓட்டத்தை அளக்க வெட்டித்தான் ஆக வேண்டும்.

"கிரவுண்ட்" என்ற சொல்லும் அப்படித்தான். தரையில் ஒயரைப் புதைக்க வேண்டுமா என்று ஒரு சிறுமி கேட்டாள். சிரிக்கக்கூடிய கேள்வி இல்லை, நியாயமான கேள்வி. பேட்டரியில் ஓடும் கருவிக்குத் தரை எதுவும் தேவையில்லை. எல்லா வோல்டேஜையும் எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பொதுப் புள்ளிக்கு வைத்த பெயர் அது. இந்த ஒன்று புரியாததால் வருகிற தொல்லைகள் அநேகம். ஆர்டுயினோ போர்டை வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். (ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. இன்று நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.) மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்குத் தனி பேட்டரி என்று சரியாகவே போட்டிருப்பார்கள். இரண்டின் கிரவுண்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள். புரோகிராமை மூன்று நாள் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

டேட்டாஷீட் என்றதும் புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். இருபது முப்பது பக்கம் ஆங்கிலம், வளைகோடுகள், அட்டவணைகள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். கால்களின் படம் எங்கே, இதற்கு மேல் போனால் கெட்டுவிடும் என்ற உச்ச அளவுகள் எங்கே, மாதிரிச் சுற்று எங்கே என்று மூன்று இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் போதும். கால்களின் படம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்கப் புத்தகங்களின் சுற்றுகளில் 2என்3904 என்ற டிரான்சிஸ்டர் அதிகம் வரும். நமக்கு இங்கே சுலபமாகக் கிடைப்பது பி.சி.547. பெரும்பாலான சின்ன வேலைகளுக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஆனால் தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பிக் கால்களைக் கீழே வைத்துப் பார்த்தால், பி.சி.547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் எதிர். இதில் வேடிக்கை என்னவென்றால், திருப்பிப் போட்ட டிரான்சிஸ்டர் அடியோடு செத்துவிடுவதில்லை, அரைகுறையாக வேலை செய்யும். விளக்கு மங்கலாக எரியும். அடியோடு ஓடாததைக் கண்டுபிடிப்பது சுலபம், அரைகுறையாக ஓடுவதுதான் ஆளைக் கொல்லும். மூன்று கால் ரெகுலேட்டர்களிலும் இதே கதை. 7805-ல் இடமிருந்து உள்ளே, கிரவுண்ட், வெளியே. எல்.எம்.317-ல் சரிசெய்யும் கால், வெளியே, உள்ளே. உருவம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வருவதால் எங்களிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தீர்ந்த ஒவ்வொன்றையும் தீர்த்தவரே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் எதை முதலில் எழுதுவது என்பதுதான் விஷயம். பழகியவர்கள் எழுதினால் "சிமாஸ் உள்ளீடு தொங்கல்" என்று தலைப்புப் போடுவார்கள். காரணம் தெரிந்தவருக்குத்தான் அந்தத் தலைப்பு கண்ணில் படும். காரணம் தெரிந்தவர் ஏன் நோட்டைப் புரட்டப் போகிறார்? ஆகவே கண்ணால் கண்டதை, வந்தவருடைய வார்த்தையிலேயே, தலைப்பாக எழுதுகிறோம். "கையைக் கிட்டக் கொண்டு போனா ஓடுது." "மோட்டார் ஓடினா போர்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்குது." "பிரெட்போர்டின் இடது பாதியில் மட்டும் எரியுது." (கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், சில பிரெட்போர்டுகளில் ஓரத்து சப்ளைக் கோடு நடுவில் துண்டாகியிருக்கும். பார்த்தால் தெரியாது.) "புது பேட்டரி போட்டா ஓடுது, அரை மணியில நின்னுடுது." தலைப்புக்குக் கீழே, என்ன அளந்தோம், எவ்வளவு இருந்தது, என்ன மாற்றினோம். சில பக்கங்களில் எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. திருத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்புகிறது.

விடையை நேரே சொல்லாமல் அவரையே தேட விட வேண்டும் என்று இவ்வளவு சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதில் எந்தத் தயவும் பார்ப்பதில்லை. கொலு ஒன்பது நாள் நடக்கும், 9 வோல்ட் பேட்டரி அத்தனை நாள் தாங்காது. உடனே கேள்வி வரும்: "நேரே ப்ளக்கிலிருந்து எடுக்க முடியுமா அங்கிள்? டிரான்ஸ்பார்மர் இல்லாம ஒரு கெபாசிட்டர் மட்டும் வச்சு சர்க்யூட் பார்த்தேன்." அப்படி ஒரு சுற்று இருப்பது உண்மைதான். 230 வோல்ட்டை 400 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் ஒன்றின் வழியாகக் குறைத்து, எல்.இ.டி.களுக்குக் கொடுப்பார்கள். சாமான்கள் கொஞ்சம், செலவு கொஞ்சம். மலிவான சர விளக்குகள் பலவற்றுக்குள்ளும் இதுதான். ஆனால் டிரான்ஸ்பார்மர் இல்லை என்றால் வீட்டு மின்சாரத்துக்கும் அந்த விளக்குக்கும் நடுவே சுவர் இல்லை என்று பொருள். எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கும் நடுவே இருப்பது 2 வோல்ட்தான். அந்தக் காலுக்கும், அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவருக்கும் நடுவே 230 வோல்ட் முழுவதும் இருக்கலாம். இரண்டு முள் ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் எந்தப் பக்கம் உயிருள்ள பக்கம் என்பதும் மாறிவிடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கொலுப் படியைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டு, ஜிகினாச் சரம், சுண்டலுக்கு வந்த குழந்தைகள்.

இங்கே "டேட்டாஷீட்டைப் பார், உனக்கே புரியும்" என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. "கூடாது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும், காரணத்தை அதன் பிறகு. பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ள, மூடிய 9 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். ப்ளக்கிலிருந்து நேரே வரும் போர்டு எதுவானாலும் அந்த அறையில் மேஜை மேல் வைத்துத் திறப்பதில்லை. பெரியவர்கள் கொண்டு வந்தாலும் அதே சட்டம்தான். ஒரு தடவை நல்ல படிப்பாளி ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

சாமான் வாங்கும் விஷயம் ஒன்று பாக்கி. மும்பையில் இதற்கு லாமிங்டன் ரோடுதான். 1903 முதல் 1907 வரை இங்கே கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறியும், ஊர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ வண்டி பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். முதல் தடவை போகும் பிள்ளைகள் கடையில் கூனிக் குறுகி நிற்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆயிரம் டப்பாக்கள், முன்னால் பத்துப் பேர். "சின்னதா ஒரு கெபாசிட்டர்" என்று இந்தியில் இழுத்தால் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். "ஒரு மைக்ரோ, ஐம்பது வோல்ட், பத்து பீஸ்" என்றால் கை தானாக டப்பாவுக்குப் போகும். அவர்கள் முரட்டு மனிதர்கள் இல்லை, பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்குப் பழக்கப்பட்டவர்கள். ஆகவே பிள்ளைகளைச் சும்மா அனுப்பாமல், எண், அளவு, வோல்ட், எத்தனை என்று நாலு பத்தி போட்ட சீட்டு ஒன்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நடுத்தர விலையில் ஒரு மல்டிமீட்டர் அந்தச் சீட்டில் முதல் வரியாக இருக்கட்டும். இருபது வகை ஐ.சி.களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வர நினைப்பவர்கள் தங்கள் போர்டோடு, எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தார்களோ அந்தப் படத்தையும் கொண்டு வாருங்கள். பேட்டரி வோல்ட்டை, சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது 9 காட்டும் பழைய பேட்டரி, வேலை கொடுத்தவுடன் 6-க்கு இறங்கிவிடும். மீட்டரின் திரையில் பேட்டரி அடையாளம் தெரிந்தால் அதற்குள் இருக்கும் பேட்டரியை மாற்றிவிட்டு அளக்கவும். அது தளர்ந்திருந்தால், இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும்.